‘ஒத்துக்காது’ என்று சொன்னால் போதாது: அலர்ஜி வேறு, இன்டாலரன்ஸ் வேறு

மும்பை செம்பூரில் தெரிந்தவர் வீட்டுக் கொலு. சேமியா பாயசமும் வேர்க்கடலைச் சுண்டலும் கைமாறிக்கொண்டிருந்தன. பாயசக் கிண்ணத்தை நீட்டியபோது ஒருவர், "வேண்டாம் மாமி, பால் எனக்கு ஒத்துக்காது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், சுண்டலை நோக்கி நீண்ட தன் பையனின் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டு, "இவனுக்கு இது ஒத்துக்காது மாமி" என்றாள். மாமி இருவருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "சுவாமிக்கு நைவேத்தியம் பண்ணினது. ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது."

பாயசக்காரர் விஷயத்தில் மாமி சொன்னது சரி. ஒரு வாய் பாயசம் அவரை ஒன்றும் செய்யாது. பையன் விஷயத்தில் அந்த ஒரு வாய், கொலு வீட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குக் கொண்டுபோகக்கூடியது. மாமியைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு பேரும் அவரிடம் சொன்னது ஒரே சொல். அதற்குள் இரண்டு கதை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

## ஒரே சொல்லுக்குள் எத்தனை தொல்லை

நம் பேச்சில் ‘சேராது’, ‘ஆகாது’, ‘ஒத்துக்காது’ எல்லாம் ஒன்றுதான். மழைக்காலத்தில் தயிர் சேராது. சொறி இருந்தால் கத்திரிக்காய் ஆகாது. பாட்டிக்குப் பால் ஒத்துக்காது, மாப்பிள்ளைக்கு இறால் ஒத்துக்காது. எழுத்துத் தமிழில் அலர்ஜிக்கு ‘ஒவ்வாமை’ என்று பெயர் வைத்தார்கள். நல்ல சொல்தான். ஆனால் ஒவ்வாதது என்றால் பொருந்தாதது, அவ்வளவே. அதனால் ‘லாக்டோஸ் ஒவ்வாமை’ என்றும் தாராளமாக எழுதுகிறார்கள். அது அலர்ஜியே இல்லை. இன்டாலரன்ஸுக்குச் ‘சகிப்பின்மை’ என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. படித்தால் நாளிதழ் தலையங்கம் மாதிரி இருக்கிறது. நான் அலர்ஜி, இன்டாலரன்ஸ் என்றே எழுதுகிறேன்.

அலர்ஜி என்பது, உடம்பைக் கிருமிகளிடமிருந்து காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், உணவிலுள்ள ஒரு புரதத்தை எதிரி என்று தப்பாக நினைத்துச் சண்டைக்குப் போவது. இன்டாலரன்ஸ் என்பது, எதிர்ப்பு மண்டலம் தலையிடாமலே, ஓர் உணவை உடம்பால் சரியாகச் செரிக்கவோ தாங்கவோ முடியாமல் வரும் தொல்லை. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

## பாயி வராத நாள்

எளிதானதை முதலில் பார்ப்போம். மும்பையில் குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கடம்: பாத்திரம் தேய்க்கிற பாயி இன்றைக்கு வரவில்லை. இரண்டு டம்ளர்தான் என்றால் நாமே கழுவிக் கவிழ்த்துவிடுவோம். ஊரிலிருந்து நாலு பேர் வந்து சாப்பிட்டுப் போன நாளென்றால் சிங்க் நிரம்பி, மாலைக்குள் நாற்றமடித்து, ராத்திரி கரப்பான்பூச்சி ஊர்வலம். இதில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. வேலைக்கு ஆள் இல்லை. எத்தனை பாத்திரம் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

உடம்பில் அந்த வேலையாளுக்குப் பெயர் நொதி: உணவை உடம்பு உறிஞ்சக்கூடிய துண்டுகளாக வெட்டிக்கொடுக்கும் புரதம். மொச்சையும் ராஜ்மாவும் ஏன் வாயு? அவற்றில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை வெட்டும் நொதி மனிதக் குடலில் எவருக்குமே கிடையாது. வெட்டப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை விடுகின்றன. மொச்சைக் குழம்புக்குப் பிறகு வருவது நோயல்ல. ஆள் இல்லாத வேலை தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

பாலும் அதே கதை. பாலில் இயற்கையாக இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்து நிற்பது அது. சிறுகுடல் சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி அந்தக் கையை விலக்கிவிட வேண்டும். கைக்குழந்தைக்கு லாக்டேஸ் தாராளம். பாலே அதன் உணவு. பால்குடி மறந்து வளர வளர, பெரும்பாலான மனிதர்களுக்கு லாக்டேஸ் சுரப்பு குறைகிறது. உலகத்துப் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான். கால்நடை வளர்த்துப் பாலை நம்பி வாழ்ந்த சில கூட்டங்களில் மட்டும், பெரியவரான பிறகும் லாக்டேஸ் நிற்காத மரபணு மாற்றம் பரவியது. இந்தியாவில் அது வடமேற்கில் அதிகம், தெற்கே குறைவு. பஞ்சாபி நண்பர் பெரிய டம்ளரில் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைப்பதையும், நம் ஆள் அதே பாலைக் குடித்துவிட்டு லோக்கல் ரயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் வைத்து யாருடைய உடம்பையும் மட்டமாகப் பேச வேண்டாம். கணக்குப்படி பார்த்தால் நம் ஆள்தான் பெரும்பான்மை.

உடையாத லாக்டோஸ் குடலில் இரண்டு வேலை செய்கிறது. தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது, அதனால் வயிற்றுப்போக்கு. பெருங்குடல் பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது. அதனால் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், அதனால் உப்புசமும் கடமுட சத்தமும். அந்த ஹைட்ரஜனில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியே வரும். லாக்டோஸ் கரைசலைக் குடிக்கவைத்து ஒரு குழாயில் ஊதச் சொல்லி மருத்துவர்கள் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

அளவுதான் இங்கே எல்லாம். 200 மில்லி பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொல்லையின்றித் தாங்குகிறார்கள். கட்டிங் சாய் என்கிற அரை டம்ளர் டீயில் இருக்கும் பாலெல்லாம் ஒரு கணக்கே இல்லை. தயிரில், உறைய வைக்கும் பாக்டீரியாவே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. தின்றது போக மிச்சத்தை உடைக்க உள்ளேயும் உதவுகிறது. நெய்யில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. ‘பால் ஒத்துக்காது, மோர் மட்டும் போடு’ என்ற பாட்டி எந்த ஆய்வகத்துக்கும் போகாமல் இதைச் சொல்லிவிட்டாள்.

இதுவரை: இன்டாலரன்ஸில் வேலைக்கு ஆள் இல்லை. கொஞ்சமென்றால் சமாளிக்கலாம், நிறையவென்றால் வயிறு படுத்தும். அவஸ்தைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

## வாட்ச்மேன் செய்யும் தப்பு

இப்போது சொசைட்டி, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு வருவோம். புது வாட்ச்மேன் ரொம்பச் சுறுசுறுப்பு. ஒரு நாள் சாதாரணக் கூரியர் பையன் ஒருவன் வருகிறான். வாட்ச்மேனுக்கு என்னவோ அவனைப் பார்த்தால் திருடன் மாதிரி படுகிறது. அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. பையன் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் வாட்ச்மேன் அவன் போட்டோவை நூறு பிரதி எடுத்து கேட், லிஃப்ட், மொட்டை மாடி, ஒவ்வொரு விங்கின் வாசல் என்று எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறான். ஒவ்வொரு போட்டோவுக்குப் பக்கத்திலும் ஒரு சைரன் பொத்தான். அடுத்த முறை அதே பையன் கையில் ஒரு கவரோடு கேட்டில் கால் வைக்கிறான். எல்லா சைரனும் ஒரே நேரத்தில் அலறுகிறது, லிஃப்ட் நிற்கிறது, தீயணைப்புக் குழாய் திறந்து மாடிப்படியெல்லாம் வெள்ளம். திருடன் வந்திருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

கூரியர் பையன், உணவிலுள்ள ஒரு புரதம். போட்டோ, அந்தப் புரதத்தை அடையாளம் காண உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள். அதன் பெயர் இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐஜிஈ. சைரன் பொத்தான் இருக்கும் காவல் சாவடிகள், மாஸ்ட் செல்கள். தோல், வாய், தொண்டை, நுரையீரல், குடல் என்று வெளியுலகம் உடம்பைத் தொடும் இடங்களிலெல்லாம் இவை நிற்கின்றன, ஐஜிஈயைத் தங்கள் மேல் ஒட்டிக்கொண்டு. புரதம் வந்து அதில் மாட்டியதும், உள்ளே பொட்டலம் பொட்டலமாக வைத்திருக்கும் ரசாயனங்களைக் கொட்டிவிடுகின்றன. அவற்றில் முக்கியமானது ஹிஸ்டமின்.

ஹிஸ்டமின் நரம்பு நுனியைத் தொட்டால் அரிப்பு. சிறு ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ஒழுக வைத்தால் தோலில் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீக்கம். குடல் தசையை இறுக்கினால் வாந்தி, வயிற்று வலி. மூச்சுக்குழல் தசையை இறுக்கினால் இழுப்பு. உடம்பு முழுக்கக் குழாய்கள் தளர்ந்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிகிறது. இப்படிப் பல இடங்களில் ஒரே நேரத்தில் வேகமாக நடந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலைக்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர்.

"போன தடவை சாப்பிட்டானே, ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். போன தடவை போட்டோ எடுத்த நாளாக இருக்கலாம். சைரன் அடிக்க, முதலில் போட்டோ ஒட்டியிருக்க வேண்டும்.

இந்தப் போட்டோ ரத்தத்தில் மிதக்கிறது என்று கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1921, ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரம். இப்போது அது போலந்தில் இருக்கிறது. ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு வேகவைத்த மீன் ஆகாது. அவருடைய சகா கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. குஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஓரிடத்தில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார்கள். அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. ஒருவரின் மீன் அலர்ஜி இன்னொருவரின் வயிற்றில் ஒரு ரூபாய் வட்டத்துக்கு இடம் மாறிவிட்டது! ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததே தவிர, அது என்னவென்று பிடிபட இன்னும் நாற்பத்தைந்து வருஷம் ஆனது. 1966இல் ஜப்பானியத் தம்பதி இஷிசாகாக்கள் அதை ஐஜிஈ என்று அடையாளம் கண்டார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஸ்வீடனிலும் ஒரு குழு அதே பொருளைக் கண்டுபிடித்தது.

இதுவரை: அலர்ஜியில் ஆள் குறைவில்லை, காவல் அதிகம். பொருள் புரதம், அளவு மிகக் கொஞ்சமே போதும், நேரம் பெரும்பாலும் சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணிக்குள். வயிற்றோடு நிற்காமல் தோல், மூச்சு என்று பரவும். ஒரு தடவை லேசாக வந்ததால் அடுத்த தடவையும் லேசாகவே வரும் என்று யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது.

## ஒரே டம்ளர் பால்

வித்தியாசம் எங்கே வேலைக்கு ஆகிறது என்றால், பால் டம்ளரில். லாக்டோஸ் இன்டாலரன்ஸ் உள்ளவருக்குப் பாலின் சர்க்கரைதான் பிரச்சினை. தயிர், நெய், பனீர் எல்லாம் பெரும்பாலும் ஓடும். பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குப் பாலின் புரதம்தான் பிரச்சினை. பனீர் என்பது கெட்டியாகத் திரட்டிய பால் புரதம். நெய்யில்கூடப் புரதத்தின் மிச்சம் ஒட்டியிருக்கலாம். கடையில் விற்கும் லாக்டோஸ் நீக்கிய பாலில் சர்க்கரையைத்தான் உடைத்திருக்கிறார்கள். புரதம் அப்படியே இருக்கிறது. ‘பால் ஒத்துக்காத குழந்தைக்கு’ என்று அன்போடு அந்தப் பாலை வாங்கிவருகிற தாத்தா, அலர்ஜிக் குழந்தைக்கு ஆபத்தைத்தான் வாங்கி வருகிறார்.

இன்னொரு யோசனையும் அடிக்கடி காதில் விழும்: "பசும்பால் ஆகலைன்னா தபேலா எருமைப்பால் குடுத்துப் பாரேன்." தபேலா என்றால் மாட்டுத் தொழுவம். பசு, எருமை, ஆடு மூன்றின் பால் புரதமும் அண்ணன் தம்பி ஜாடை. ஒன்றுக்கு ஒட்டிய போட்டோவில் மற்றதும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

இறாலில் இதே ஜாடை வேறு விதமாக விளையாடுகிறது. அதில் வம்பு செய்யும் புரதம் ட்ரோபோமயோசின். எவ்வளவு கொதித்தாலும் உருக்குலையாது. நண்டிலும் சிங்கி இறாலிலும் இருக்கிறது, கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சியிலும் அதன் நெருங்கிய உறவு இருக்கிறது. மீனின் புரதம் வேறு ஜாதி. ஆகவே கோலம்பி (மராத்தியில் இறால்) ஆகாதவர் பாம்ஃப்ரெட் என்ற வாவல் மீனையும் விட்டுவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டும் ஒரே எண்ணெயில் பொரியாமல் இருக்க வேண்டும்.

## அலர்ஜி வேஷம் போடுபவை

அரித்தால் அலர்ஜி என்று ஒரு நினைப்பு. கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கிறதே, அது அலர்ஜியா? இல்லை. கிழங்குக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. ஊசி குத்தினால் யார் நாக்கும்தான் அரிக்கும். புளி விட்டு நன்றாக வேகவைப்பது அதற்குத்தான். சேப்பங்கிழங்கு நறுக்கிய கை அரிப்பதும் இதே காரணம்.

இதைவிடச் சாமர்த்தியமான வேஷம் பாங்க்டாவினுடையது. ஊரில் நாம் அயிலை, கானாங்கெளுத்தி என்போம். இந்த மீனையும் சூரையையும் ஐஸில் வைக்காமல் விட்டால், பாக்டீரியா மீனின் சதையிலேயே ஹிஸ்டமினைத் தயாரித்து வைத்துவிடும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவக்கும், தடிப்பு வரும், தலை வலிக்கும். மாஸ்ட் செல் கொட்டவேண்டிய ஹிஸ்டமினை மீனே சமைத்துக் கொண்டுவந்திருக்கிறது. குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வீட்டில் மீன் சாப்பிட்ட பல பேருக்கு ஒரே நேரத்தில் வந்திருக்கும். அலர்ஜி என்றால் ஒருவருக்குத்தான் வரும். இப்படி ஒரே ஒரு கெட்ட பாங்க்டாவுக்காக, ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று ஆயுசுக்கும் மீனை விட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். திருநெல்வேலிக்காரர், தாராவியில் கடை. பாவம்.

## கோதுமை, தனி வழக்கு

கோதுமையை மேலே சொன்ன இரண்டுக்குள் மட்டும் அடைத்துவிட முடியாது. கோதுமை அலர்ஜி உண்டு. கோதுமை சாப்பிட்டால் வெறும் உப்புசம் வருபவர்களும் உண்டு. மூன்றாவதாக சீலியாக் நோய்: கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தச் சிறுகுடல் சுவரையே அரிக்கத் தொடங்கும். சைரன் கிடையாது, மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும். வயிற்றுப்போக்கு, தீராத ரத்தசோகை, குழந்தை வளராமல் நிற்பது என்று முகம் காட்டும். வட இந்தியாவில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு குறிப்பு. சப்பாத்தியை விட்டுவிட்டோம், சோறும் சாம்பாரும்தான் என்று நிம்மதியாக இருக்க முடியாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் முதுகைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பரிசோதித்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

## டெஸ்ட் என்ற பெயரில்

என் மச்சான் ஒருவர், வயிறு சரியில்லை என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில் ‘ஃபுட் இன்டாலரன்ஸ் பேனல்’ எடுத்தார். வண்ண வண்ண அட்டவணை வந்தது. அரிசி சிவப்பு, பால் சிவப்பு, கோதுமை சிவப்பு, முட்டை சிவப்பு. பச்சையில் என்ன இருந்தது தெரியுமா? அவர் வாழ்நாளில் சாப்பிட்டே இராத சால்மன் மீனும் குருதிநெல்லி (கிரான்பெரி) பழமும். இரண்டு மாதம் அரிசியைத் தொடாமல் துரும்பாக இளைத்தார். அக்காவுக்கும் அவருக்கும் சண்டை வேறு.

அந்த டெஸ்ட் அளப்பது ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. அது வருகைப் பதிவேடு. குற்றவாளிப் பட்டியல் இல்லை. தினமும் சோறு தின்கிற தமிழனுக்கு அரிசி சிவப்பாக வராமல் சால்மனா வரும்? இன்டாலரன்ஸைக் கண்டுபிடிக்க இது உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008லேயே சொல்லிவிட்டது.

உருப்படியான சோதனைகள் வேறு. அலர்ஜி சந்தேகமென்றால், முன்கையில் உணவுச் சாற்றை ஒரு சொட்டு வைத்து மெல்லக் குத்தி, 15 நிமிஷம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். அல்லது ரத்தத்தில் அந்த உணவுக்கான ஐஜிஈ எவ்வளவு என்று பார்ப்பார்கள். இதிலும் ஒரு நெளிவு உண்டு: போட்டோ ஒட்டியிருக்கிறது என்பதால் சைரன் அடிக்கும் என்று அர்த்தமில்லை. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவருக்கும் டெஸ்டில் தடிப்பு வரலாம். அதனால் நல்ல மருத்துவர் முதலில் கேட்பது ரிப்போர்ட்டை அல்ல: என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆனது? தீர்ப்பு தேவையென்றால் ஆஸ்பத்திரியில் வைத்துத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். இதை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. இன்டாலரன்ஸ் என்றால் அவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். சந்தேகப்படும் உணவை இரண்டு மூன்று வாரம் நிறுத்தி, திரும்பச் சேர்த்து, வயிறு என்ன சொல்கிறது என்று குறித்து வைப்பதே பெரும்பாலும் போதும்.

## குழந்தைக்கு எப்போது கொடுப்பது

வேர்க்கடலையை மூன்று வயது வரை தள்ளிப்போடுங்கள் என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது, அலர்ஜி அபாயம் உள்ள குழந்தைகளுக்காக. 2008இல் அந்த யோசனையை விலக்கிக்கொண்டது. கிடியன் லாக் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்: இங்கிலாந்தில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி, இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைப் போலப் பத்து மடங்கு. இஸ்ரேலில் கைக்குழந்தையே வேர்க்கடலைப் பொரி தின்கிறது. 2015இல் அவருடைய குழு 640 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை வெளிவந்தது. 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு, ஐந்து வயதில் அலர்ஜி ஏறக்குறைய 80 சதவீதம் குறைவு. வாயில் முதலில் அறிமுகமானால் வாட்ச்மேன் அவனை வீட்டாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறான் போலும்.

முழுக் கடலையைக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். மைய அரைத்துக் கஞ்சியில் கலக்க வேண்டும். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் என்ற தோல் அரிப்பு நோயோ முட்டை அலர்ஜியோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். வேர்க்கடலையும் இறாலும் அவ்வளவு சுலபத்தில் விடாது.

## சைரன் அடித்துவிட்டால்

உதட்டு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு இவற்றோடு குரல் கரகரப்பு, இருமல், இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல் என்று ஏதாவது சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். தளர்ந்த ரத்தக் குழாயை இறுக்கி, இறுகிய மூச்சுக்குழலைத் திறந்துவிடுவது அதுதான். வீட்டில் இருக்கும் செட்ரிசின் மாத்திரை அரிப்பை அடக்கும். மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் மீட்காது. மாத்திரை போட்டாச்சு, பார்ப்போம் என்று உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தவறு.

ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். சயான் சர்க்கிள் டிராஃபிக்கில் பிடித்தமான ஆஸ்பத்திரியைத் தேடிப் போகாமல், கிட்டத்தில் எது திறந்திருக்கிறதோ அங்கே போங்கள். சரியானது போலத் தெரிந்த பிறகும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். மருத்துவர் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். ஏற்கெனவே இப்படி வந்தவர்கள், கையில் என்ன வைத்துக்கொள்வது, யார் போடுவது என்பதை மருத்துவரிடம் முன்னாலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

## மும்பையில் வேர்க்கடலை ஒளிந்திருக்கும் இடங்கள்

பொட்டலத்தில் வருவது ஓரளவு பரவாயில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி எட்டு வகையை அட்டையில் சொல்லியாக வேண்டும்: குளூட்டன் தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி பாதாம் வகைகளும், சோயா, பிறகு சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் ரசாயனம். எள் அந்தப் பட்டியலில் இல்லை, கடுகும் இல்லை.

தட்டில் வருவதுதான் கஷ்டம். மராத்தி சமையலறையில் வறுத்துப் பொடித்த வேர்க்கடலைக்கு ‘கூட்’ என்று பெயர். நம் கூட்டு இல்லை. வெள்ளரிக்காய்ப் பச்சடியான கோசிம்பிரில் அது, சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடியில் அது, திணித்த கத்திரிக்காயில் அது, தேச்சா என்ற மிளகாய்த் துவையலில் அது. வடாபாவில் தூவும் சிவப்புப் பூண்டுப் பொடியிலும் பல கடைகளில் அது. கண்ணுக்குத் தெரியாது, பொடியாகக் கரைந்துவிடும். எண்ணெய் வேறு. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. வெறுமனே வடிகட்டியதிலும், இப்போது எல்லோரும் ஊரிலிருந்து கேன் கேனாக வரவழைக்கும் மரச்செக்கு எண்ணெயிலும் இருக்கும்.

அப்புறம் பெயர்கள். மராத்தியில் ஷேங்க்தாணா, இந்தியில் மூங்ஃபலி, குஜராத்தியில் சிங். சமையற்காரருக்கு இதில் ஒன்று மட்டும் தெரிந்திருக்கும். தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது? கடலை மிட்டாயில் இருப்பது வேர்க்கடலை, கடலை மாவில் இருப்பது கடலைப்பருப்பு, கடலை எண்ணெய் என்றால் மறுபடி வேர்க்கடலை. அந்தக் கொலுவில் பையனின் அம்மா, "ஒத்துக்காதுன்னா வயிறு மந்தமில்லை மாமி, மூச்சு அடைச்சுடும். போன வருஷம் ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி இருந்தோம்" என்று விளக்கிச் சொன்னதும் மாமி முகம் வெளுத்துச் சுண்டல் தூக்கைத் தூக்கி உள்ளே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்.

"அப்போ பஜ்ஜியும் கூடாதா? அதுவும் கடலை மாவாச்சே."

"அது கடலைப்பருப்பு மாமி, வேற. அதை இவன் வீட்டுல சாப்பிடறான், டாக்டரும் சரின்னுட்டார். பஜ்ஜி எந்த எண்ணெயில போட்டேள்?"

மாமி டின்னைப் பார்க்க மறுபடியும் உள்ளே போனார்.